உழைப்போரைத் தண்டிக்காதீர்!

(கரம்பொனில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தனிநாயகம் அடிகளைத் தந்த இக் கரம்பொன், கையேந்தி வாழ்ந்த மண்ணன்று. புகையிலைத் தோட்டமும் பனையும் கடலும் தென்னிலங்கை வாணிபமும் இத் தீவாரை வாழ்வித்தன. 1990இல் மூண்ட போர் ஊரை வெறுமையாக்கிற்று. மீண்டு வந்தோர் பலர் வெறுங்கையுடனேயே வந்தனர். அவர்கட்கு அரசாங்கம் உதவுவது பிச்சையன்று, கடமை. ஆயின், உதவும் முறை நேரியதா? அதுவே நம் கேள்வி.

1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது; பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஏழையின் உதவியை ஒரே வெட்டில் வெட்டலாகாது என்பது அன்றே கற்ற பாடம். 1989இல் வந்த சனசவிய, மாதம் 2,500 ரூபாவில் ஒரு பகுதியைத் தொழில் முதலுக்கென ஒதுக்கிற்று. 1995இல் சமுர்த்தி வந்தது. 2023இல் அஸ்வெசும வந்தது.

அஸ்வெசும குடும்பங்களை நான்கு படிகளாக வகுத்தது. 2025 ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா வரை. வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா வரை. இடையே 7,500 ரூபாப் பள்ளம்! பனையோலை பின்னி ஒரு தாய் மாதம் 5,000 ரூபா உழைக்கிறாள் என்று கொள்வோம். அதனால் அவள் குடும்பம் ஒரு படி ஏறிவிட்டால், கையிலிருந்து 2,500 ரூபா குறையலாம். சொத்தும் மின்பாவனையும் கணக்கிற் சேர்வதால், முன்னேறவே அவள் அஞ்ச நேரிடும். ஏழையைச் சோம்பேறி என்போர் இக் கணக்கைப் பார்க்கட்டும்!

நம்மவர் பலர் வாழும் பிரித்தானியாவிலே, 2021 இறுதியிலிருந்து, உழைத்த ஒவ்வொரு பவுணுக்கும் உதவியில் 55 பென்ஸ் குறைக்கும் முறை வந்தது. எஞ்சிய 45 பென்ஸ் உழைத்தவர் கையில் நிற்கும்.

நாம் கேட்பது மூன்று. உழைக்கத் தொடங்கிய குடும்பத்தின் உதவியை ஈராண்டுக்குத் தொடலாகாது. பின்னரும் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். தையல் இயந்திரமும் வலையும் தொழிற் கருவிகள். அவற்றைச் செல்வமென எண்ணலாகாது. முதியோரையும் நோயாளரையும் வலுவிழந்தோரையும் உழைக்குமாறு நெருக்கலாகாது.

நமக்கும் கடமையுண்டு. வசதியுடையோர் ஏழையின் பங்கிற் கைவைக்கலாகாது. சிக்கன கடனுதவிச் சங்கங்களை நாமே வலுப்படுத்த வேண்டும். உதவி, ஏறுவோர்க்கு ஏணியாகட்டும். ஏறியதும் தட்டிவிடும் ஏணி எவர்க்கும் வேண்டா!