பெயரும் இழிபெயரும்
(சவ்வாது மலை, காவலூர்ப் பொழிவின் எழுத்து வடிவம்)



இக்காவலூரின் வான்நோக்ககத்தில் 1988-ஆம் ஆண்டு குறுங்கோள் ஒன்று கண்டறியப்பட்டது. அதற்கு இராமானுசன் என்னும் தமிழ்க் கணக்கறிஞரின் பெயர் சூட்டினர். பல கோடிக் கல் தொலைவில் உழலும் கல்லுக்கும் தக்க பெயர் வேண்டுமென்று எண்ணியது நன்றே. ஆனால் அந்நோக்ககத்தைச் சூழ்ந்த மலையில் வாழும் மக்களின் பெயர் என்ன? மலையாளி! மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அது பழுதற்ற தமிழ்ச்சொல்லே. எனினும் கேரள மக்களுக்கும் அதுவே பெயராதலின், தமிழே பேசி, காஞ்சியினின்று மலையேறிய முன்னோரைத் தம் மரபுக்கதையிற் போற்றும் இம்மக்கள், தம் மண்ணிலேயே அயலாராகக் கருதப்படுகின்றனர்.

இஃது ஏதோ சொல்லளவிற் குழப்பமன்று. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்னும் பெயர் தருமபுரி, வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே எழுதப்பட்டது. அதனால், ஈரோட்டு மலைகளில் வாழும் அதே குடியினர் பல்லாண்டுகள் அவ்வுரிமையின்றி வாடினர். ஒரே குடி, ஒரே மொழி, ஒருபுறம் சான்றிதழ், மறுபுறம் வெறுங்கை!

பெயரிடுவோன் வலியோன், பெயர் சுமப்போன் எளியோன். இதுவே வரலாறு காட்டும் உண்மை. போர்த்துகீசியர் முதலில் மேலைக் கடற்கரையில் இறங்கினர். ஆங்கு வழங்கிய மலபார் என்னும் பெயரையே தமிழர்க்கும் ஏற்றினர். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் போர்த்துகீசியத் தலைப்பே தமிழை 'மலபார்த் தமிழ்' என்கிறது. தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்கு 1716-இல் வெளியிட்ட இலக்கண நூலும், தமிழ்மொழி பொதுவழக்கில் மலபார்மொழி எனப்படுவதைத் தலைப்பிலேயே குறிக்கிறது. இரியூனியன் தீவில் வாழும் தமிழ் வழியினர் இன்றும் 'மலபார்' என்றே வழங்கப்படுகின்றனர்.

மலாய் நாட்டிற் கலிங்கத்தினின்று பிறந்த 'கெலிங்கு' என்னும் சொல் பழங்காலத்தில் இகழ்ச்சியின்றி வழங்கியது. இன்றோ அது வசைச்சொல். வடநாட்டில் தமிழன், தெலுங்கன், கன்னடன் யாவரும் ஒரே 'மதராசி'! அம்மதராசு என்னும் பெயரை நீக்கித் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டியே சங்கரலிங்கனார் 1956-இல் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். 1969 சனவரி 14-இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெயருக்கு ஓருயிர் விலையாயிற்று.

தமிழரும் பிறர்க்குப் பெயரிட்டனர். யவனர் என்றும், சோனகர் என்றும், பறங்கியர் என்றும் அழைத்தனர். பிராங்கு என்னும் இனப்பெயரே அரபியும் பாரசீகமும் கடந்து பறங்கியாயிற்று. அவை வந்தோரை அடையாளங்காட்டிய பெயர்கள். ஆனால் இலங்கை மலையகத் தமிழரைத் 'தோட்டக்காட்டான்' என இழித்தவர் யார்? சிங்களவர் மட்டுமா? தமிழரும் அல்லரோ? 1948-இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியபோது, அக்கொடுமைக்கு வழியமைத்துத் தந்தவற்றுள் அவ்விழிசொல்லும் ஒன்றென்பதை மறுக்கவியலுமோ?

இம்மலைக்கும் அத்தகைய இழிபெயர் வந்தது. 2015 ஏப்பிரல் 7-இல் ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருட் பலர் இம்மலைக் குடியினரும் இவர்தம் உறவுக் குடியினரும் ஆவர். 'செம்மரக் கடத்தல்காரர்' என்னும் ஒற்றைச்சொல் அவர்களின் ஊரை மறைத்தது, வறுமையை மறைத்தது, அவர்களை விலைபேசி அழைத்துச் சென்ற பெருவணிகரையும் மறைத்தது. குண்டு பாயுமுன்னரே பெயர் பாய்ந்துவிட்டது!

ஆகலின், தமிழுணர்வுடையோர் செய்யத்தக்கவை இரண்டு. இம்மக்களின் பெயரை மாற்றுமாறு புறத்தார் கட்டளையிடலாகாது. சான்றிதழும் சலுகையும் அப்பெயரையே பற்றி நிற்கின்றன. எப்பெயர் வேண்டுமென்பதை அவர்களே முடிவு செய்க. அதுகாறும் அவர்கள் தமிழ்க்குடியினர் என்பதைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் அயராது எடுத்துரைப்பது ஏனையோர் கடன்.

மற்றொன்று, இன்னும் கடினமானது. வயிற்றுப்பாட்டுக்காக வடபுலத்தினின்று வந்து கல்சுமக்கும் தொழிலாளியை 'வடக்கன்' என எள்ளும் நாவை அடக்குதல். வடமொழி ஆட்சியையும் இந்தித் திணிப்பையும் எதிர்ப்பது உரிமைப் போர். ஏழையை இழிப்பது அப்போருக்கே இழுக்கு. மதராசி என்னும் சொல்லாற் சுடப்பட்ட இனம் பிறரைச் சுடலாமோ?

தூய தமிழென்பது அயற்சொல் நீங்கிய தமிழ் மட்டுமன்று. இழிசொல்லும் நீங்கிய தமிழே. வெல்க தமிழ்!