நாடக வாத்தியாருக்கு ஒரு பணியிடம்

நாடகத்தையே தொழிலாகக் கொள்ளப்போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று வீடு கேட்கிறது. நியாயமான கேள்விதான். இதுவரை அதற்குத் தியாகத்தைப் பதிலாகச் சொல்லி வந்திருக்கிறோம், பணியிடத்தைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நாடக ஆசிரியருக்கு நிரந்தர இடம் வேண்டும் என்பதே என் வழக்கு.

நாடகம் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். சிறுவர்களே நடித்த இத்தகைய பாலர் கம்பெனிகளில் பாட்டும் வசன உச்சரிப்பும் மேடை ஒழுங்கும் கிடைத்தன. ஆனால் பிள்ளைகள் வீட்டையும் பள்ளியையும் இழந்தார்கள். அந்த இழப்பு இல்லாமலே கலையைக் கற்பிக்கலாம் என்று நம் காலத்தில் காட்டியது காஞ்சிபுரத்தை அடுத்த கட்டைக்கூத்து குருகுலம். 2002இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் பிள்ளைகள் கூத்தும் கற்றார்கள், பாடமும் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் முடி கட்டி ஆடினார்கள்; ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் அது எவ்வளவு பெரிய மாற்றம்! அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது. நல்ல முயற்சியானாலும் தனியார் தோளில் மட்டும் நின்றால் அதன் ஆயுள் உறுதியில்லை.

நாடகத்தைத் தேர்வுக்குரிய பாடமாக்கினால் அதன் உயிர் போய்விடும் என்பார்கள். இலங்கையைப் பாருங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நாட்டுக்கூத்தை மேடையேற்றினார். அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பில் பேராசிரியரானார். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பள்ளிப் பாடம். சாதாரண தரப் பொதுத்தேர்வில் அதற்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. பாடமானதால் அங்கே அரங்கு செத்துவிடவில்லை. போர்க்காலத்தில்தான் யாழ்ப்பாணத்தில் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் மேடையேறியது. பாடம் இருப்பதால் ஆசிரியருக்கு வேலை இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அரங்கியல் படிப்பவருக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. தஞ்சையிலும் புதுச்சேரியிலும் நாடகம் படித்து வெளிவரும் நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் எங்கே?

நம் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடக்கின்றனவே என்றும் கேட்கலாம். நடப்பது நல்லது, வரவேற்கிறேன். ஆனால் போட்டிக்கு முந்திய சில நாள் ஒத்திகையில் தேர்வாவது, ஏற்கெனவே பேசத் தெரிந்த பிள்ளைதான். கடைசி பெஞ்சில் வாய் திறக்காத பிள்ளையைப் பேசவைக்க ஆண்டு முழுவதும் வாரம் இரண்டு பாடவேளை வேண்டும், அதற்கென்றே ஒருவர் வேண்டும். அவரையும் அரைகுறையாக நியமித்துவிடக் கூடாது. 2012இல் ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்க நேர்ந்தது. நாளை வயிற்றுக்கு என்ன என்ற கவலையோடு வகுப்புக்குள் வருபவரால் பிள்ளைகளுக்குத் துணிவைக் கற்றுத்தர முடியுமா?

நிதி எங்கே என்பது கடைசிக் கேள்வி. பள்ளிக்கு ஒருவர் என்று இன்றே கேட்கவில்லை. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒருவர், சில பள்ளிகளுக்குப் பொதுவாக, முழுச் சம்பளத்தில். மாநிலம் முழுவதற்கும் நானூறு பணியிடங்கள்கூட ஆகாது. தகுதி வகுக்கும்போது பட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். விடிய விடியக் கூத்தை நடத்தத் தெரிந்த வாத்தியாரிடம் பி.எட். சான்றிதழ் இருக்காது. அவரைத் தேர்ந்தெடுக்க மேடை அனுபவத்தையும் நேர்முகச் செய்முறையையும் தகுதியாக ஏற்கும் தனி விதி வேண்டும். அந்த விதியை எழுதும் குழுவில் கூத்துக் கலைஞர்களும் உட்கார வேண்டும்.