பள்ளிக்கூடத்தில் ராக் பாட்டு

கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில், வீட்டைவிட்டு வந்து தங்கிப் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகளை நினைத்தால், எனக்குக் கனடா நாட்டு வாத்தியார் ஒருவர் ஞாபகத்துக்கு வருவார்.

பெயர் ஹான்ஸ் ஃபெங்கர். 1970-களில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லாங்லி வட்டாரத்தில், கிராமத்துப் பள்ளிகளில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். கிட்டார்காரர். குழந்தைப் பாடல்களை ஓரமாக வைத்துவிட்டு, பீச் பாய்ஸ் குழுவும் டேவிட் போவியும் பாடிய ராக் பாட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். 1976, 77-ஆம் ஆண்டுகளில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலேயே ஒலிப்பதிவும் செய்தார்.

சுருதி அங்கங்கே விலகும். தாளம் கொஞ்சம் தள்ளாடும். ஆனால் ஒரு பாட்டை ஒன்பது வயதுச் சிறுமி தனியாகப் பாடுகிறாள் பாருங்கள், தொண்டை அடைத்துக்கொள்கிறது! தனிமையும் ஏக்கமும் பெரியவர்களுக்கு மட்டுமா சொந்தம்? அந்த வாத்தியார் பிள்ளைகளின் மனசை மதித்தார். அதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

ஊருக்குள்ளேயே கிடந்த அந்தப் பதிவு 2001-இல் குறுந்தட்டாக வந்தது. போவியே பாராட்டினார். 2003-இல் வந்த ‘ஸ்கூல் ஆஃப் ராக்’ படத்துக்கும் அது ஒரு தூண்டுகோல்.

நம் அரசுப் பள்ளிகளிலும் இப்போது கலைத் திருவிழா நடக்கிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஒரு கிட்டாரும் இரண்டு பறையும் வாங்கிக்கொடுக்க யாராவது முன்வாருங்களேன். பாட்டைப் பதிவு செய்ய வாத்தியாரின் கைப்பேசியே போதும்.