கம்பி ஒன்று, கடை பல



ஐரோப்பாவில் மின்சாரத் துறையைப் போட்டிக்குத் திறந்துவிட்ட கதையைப் பேசச் சொன்னார்கள். பத்தே நிமிஷம் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கம்பியை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

கரண்ட் உற்பத்தி பண்ணப் பத்துப் பேர் போட்டி போடலாம். விற்கவும் போடலாம். ஆனால் ஒரே தெருவில் பத்துப் பேர் கம்பம் நட முடியுமா? ஆக, கம்பி வைத்திருப்பவன் ஏகபோகக்காரன். அவன் கேட்கிற வாடகைக்கு யார் கடிவாளம் போடுவது? விவகாரமே இதுதான்.

பிரிட்டன் 1990ல் மின்துறையைப் பிரித்து, விற்கத் தொடங்கியது. ஒழுங்குமுறை அதிகாரியாக வந்தவர் ஸ்டீபன் லிட்டில்சைல்டு என்ற பொருளாதாரப் பேராசிரியர். தொலைபேசித் துறைக்காக 1983ல் அவர் சொன்ன சூத்திரம் எளிமையானது. விலைவாசி ஏறுகிற சதவீதத்தில் ஒரு ‘எக்ஸ்’ கழித்து, அந்த அளவுக்குத்தான் கட்டணம் ஏற்றலாம். செலவைக் குறைத்தால் மிச்சம் உனக்கு. வரம்பு விலைக்குத்தான், லாபத்துக்கு அல்ல.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எக்ஸ் எவ்வளவு? கம்பெனியின் உண்மைச் செலவு கம்பெனிக்குத்தானே தெரியும்! 1994 ஆகஸ்டில் விநியோகக் கம்பெனிகளுக்குப் புது எக்ஸ் அறிவித்தார். டிசம்பரில் நார்தர்ன் எலெக்ட்ரிக்கை விலைக்குக் கேட்டு ட்ரஃபால்கர் ஹவுஸ் வந்தது. அதைத் தடுக்க நார்தர்ன் தன் பங்குதாரர்களுக்குப் பெருந்தொகை தருவதாக வாக்களித்தது. இவ்வளவு பணம் எங்கே ஒளிந்திருந்தது? 1995 மார்ச்சில் கணக்கை மறுபடி திறக்கப்போவதாக அறிவித்தார் லிட்டில்சைல்டு. பங்கு விலைகள் சரிந்தன, முதலீட்டாளர்கள் கொதித்தார்கள். என்னைக் கேட்டால், அவர் செய்தது சரி.

ஜெர்மனி வேறு வழி போனது. 1998ல் வீடு உட்பட எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரேயடியாகச் சந்தையைத் திறந்தது. ஆனால் தனி ஆணையம் வைக்கவில்லை. கம்பி வாடகையைத் தொழில் சங்கங்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பாலுக்குப் பூனை காவல்! புதிதாகக் கடை விரித்தவர்களில் பலர் மூட்டை கட்டினார்கள். ஒழுங்குமுறை அமைப்பு கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003ல் உத்தரவிட்ட பிறகு, 2005ல்தான் அங்கே அந்த வேலை ஓர் ஆணையத்திடம் வந்தது.

பிரான்ஸ் தயங்கித் தயங்கி 2007ல் வீடுகளுக்குத் திறந்தது. அங்குள்ள ஈடிஎஃப் 2023ல் முழுக்க அரசு கைக்கே திரும்பிவிட்டது.

பிரிட்டனில் கம்பிக்குக் கடிவாளம் போட்டாச்சு. கடைக்காரன் மடியில் காசு இருக்கிறதா என்று சரியாகப் பார்க்கவில்லை. 2021ல் எரிவாயு விலை எகிறியதும் சின்னச் சின்ன விற்பனையாளர்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். ஏறக்குறைய 30 பேர். யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை, வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றத்துக்கான செலவு? எல்லோருடைய பில்லிலும் ஏறியது, ஒழுங்காகப் பணம் கட்டியவர் உட்பட.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மீதியைச் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள், சொல்கிறேன்.