கோலுக்குப் பின்னரே கத்தி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கத்திப் பயிற்சி. விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் ஐயுறலாம். அதனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன், மாலை வேளையில் நாம் பிள்ளைகளுக்குச் சிலம்பம் பழக்கும் திடலுக்கு இளைஞர் ஒருவர் வந்தார். இரண்டாண்டு நம்மிடம் பயின்றவர். "வாத்தியாரே, கம்பு சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. கத்தி எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்டார். மறுநாள் அவருடைய அன்னையார் வந்தார். "ஐயா, கத்தி என்ற பேச்சே எங்கள் வீட்டுக்கு வேண்டாம். கம்பையும் நிறுத்திவிடுங்கள்" என்றார். மகன் கேட்டதற்கும் தாய் கேட்டதற்கும் சேர்த்து விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நம் முன்னோர் இவ்வயலுக்கு வந்த வரலாற்றை நீவிர் அறிவீர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின், வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களினின்று குடும்பம் குடும்பமாக நம்மவர் வந்து லைன்களில் குடியேறினர். அவர்கள் விட்டுவந்த நிலம் வீரர்க்குக் கல் நட்ட நிலம். செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. ஆநிரை மீட்கப் பொருது வீழ்ந்த வீரன், ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி அக்கற்களில் நிற்கிறான். ஊரைக் காத்து மடிந்தவனுக்கே கல் எழுப்பினர் என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

பின்னர்க் காலம் மாறிற்று. பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் வீழ்ந்ததும், 1801-இல் கும்பெனியார் தென்னாட்டில் படைக்கலம் வைத்திருத்தலைத் தடை செய்து அறிக்கை விடுத்தனர். 1878-இல் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின் 1959-இல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. கூர்முனைக் கருவிகளையும் ஆயுதம் என்று வகுக்கும் அச்சட்டம், வீட்டுக்கும் உழவுக்கும் மட்டுமே உரிய பொருள்களை அவ்வகையினின்று விலக்குகிறது. அதற்கு எடுத்துக்காட்டாக அது கூறுவன தடியும் கைத்தடியுமே. பழைய பயிற்சி முறை கோலை முன்னும் கத்தியைப் பின்னும் வைத்தது போலவே சட்டமும் இவ்விரண்டையும் வேறு பிரித்தே வைத்திருக்கிறது.

இனி அப்பயிற்சி முறையைக் காண்போம். சிலம்பம் பயில வரும் பிள்ளைக்கு முதல் நாளிலேயே கம்பு தருவதில்லை. முதலிற் கற்பது வணக்கம். அடுத்துக் காலடி. நாற்றிசையும் திரும்பி, உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை அறிந்து அடி பெயர்த்தல் அது. வாரக்கணக்கில் இதுவே நடக்கும். பின்னர்த்தான் நெற்றியளவு உயரமுள்ள கம்பு கைக்கு வரும். வீச்சு, வெட்டு, குத்து, தட்டு என்பன ஒவ்வொன்றாக வளரும். அதன்பின் எதிராளியுடன் நின்று ஆடும் பயிற்சி. வெறுங்கையாற் செய்யும் குத்துவரிசையும் இவற்றோடு உண்டு. இவை உடலில் ஊறிய பின்னரே செடிகுச்சி எனும் குறுங்கோல், மான்கொம்பு, வாள், சுருள்வாள், கத்தி முதலிய படைக்கலங்கள் வரும்.

கத்தி ஏன் இறுதியில் வருகிறது? நெடுங்கம்பு ஏந்தி நிற்பவர் இருவர்க்கும் இடையே தொலைவு மிகுதி. அங்கே பிழை செய்தால் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. குறுங்கோலில் அத்தொலைவு சுருங்குகிறது. கத்தியிலோ கை எட்டும் தொலைவே உள்ளது. அங்கே பிழை திருத்த நேரமே இல்லை. எனவே தொலைவை அளந்து பழகிய கண்ணும், அத்தொலைவை விட்டு விலகக் கற்ற காலும் முதலில் அமைதல் வேண்டும்.

இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. கேரளத்துக் களரியில் மெய்த்தாரி என்னும் உடற்பயிற்சி முதலில். கோல்தாரி என்னும் மரக்கருவிப் பயிற்சி அடுத்தது. இரும்புக் கருவிகளைக் கையாளும் அங்கத்தாரி அதன் பின்னரே வருகிறது. ஏறத்தாழ 1410-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பியோரே என்னும் ஆசிரியர் போர்க்கலை நூல் ஒன்று வரைந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ள அதன் படியில், மற்போர் முதலில் நிற்கிறது. பின்னர்க் குறுங்கோல், அதன் பின்னரே குத்துவாள். பிலிப்பைன்சு நாட்டவர், 2009-இல் சட்டத்தின் வாயிலாகத் தம் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்த ஆர்னிசிலும், பிரம்பை ஏந்தியே பயிற்சியைத் தொடங்குவது பெருவழக்கு. கோலின் வீச்சும் கத்தியின் வீச்சும் ஒரே கோணத்தின என்பது அவர்கள் கொள்கை. கடலால் பிரிந்த நாடுகள் ஒரே வரிசையைப் போற்றுகின்றன என்றால், அவ்வரிசை உடலின் இயல்பினின்று பிறந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

கத்திப் பயிற்சி தொடங்கிய பின்னும் இரும்பு கைக்கு வருவதில்லை. மரத்தாற் செய்த கத்தியே வரும். எதிராளி இன்ன திசையினின்று இன்ன வீச்சு வீசுவான் என்று முன்பே சொல்லிவைத்து, மிக மெதுவாகச் செய்ய வேண்டும். பிறகு விரைவு கூடும். அதன் பின்னரே சொல்லாமல் வீசும் நிலை. அப்போது மரக்கத்தியின் விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிடுவோம். எதிரே நிற்பவர் கருஞ்சட்டை அணிந்திருப்பார்.

கத்தி வேண்டும் என்று கேட்ட இளைஞருக்கு அச்சோதனையை ஒரு நாள் நடத்தினோம். அவர் வெறுங்கையர். அவரினும் இளையவன் கையில் சுண்ணம் பூசிய மரக்கத்தி. "கத்தியைப் பிடுங்குங்கள், பார்ப்போம்" என்றோம். மூச்சு இரண்டு விடுவதற்குள் முடிந்தது. கத்தியைப் பிடுங்கியும் விட்டார். ஆனால் முன்கையில் நான்கு வெண்கோடுகள், வயிற்றில் ஒன்று, கழுத்தருகே ஒன்று. தம் சட்டையைக் குனிந்து பார்த்தவர் வெகுநேரம் பேசவில்லை.

பயின்றவர் அறிவது இதுவே. கத்திச் சண்டையில் காயமின்றி வெல்வது அரிது. எனவே பயிற்சியின் முதற்பாடம் விலகுதல். வழி இருந்தால் ஓடுக. கதவு இருந்தால் அடைக்க. நாற்காலியோ பையோ கிட்டினால் இடையே பிடிக்க. கூவி அழைக்க. 112 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க. காயம் பட்டவர்க்குத் தூய துணியால் அழுத்திக் குருதியை நிறுத்தி, விரைந்து மருத்துவமனை சேர்க்க. வேறு வழி அறவே அற்ற இடத்தில் மட்டுமே கை பயன்பட வேண்டும்.

சுரங்கத்தில் பணியாற்றிய பெரியோர்க்கு இது புதிதன்று. கீழே இறங்கியவுடன் துளைக்கருவியை எடுத்தவர் எவரும் இலர். மேலே உள்ள பாறையைக் கோலால் தட்டி, ஓசையைக் கேட்டு, உறுதி கண்ட பின்னரே வேலை தொடங்கினர். பாறை வெடிப்பால் தோழர்களை இழந்த ஊர் இது. மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் சுரங்கத்தில் உயிரோடு திரும்பக் கற்பித்த பாடமும், திடலில் வாத்தியார் கற்பிக்கும் பாடமும் ஒன்றே. கருவியைத் தொடுமுன் இடரை அறிக என்பதே அது.

தென்கோடிக் குமரி மாவட்டத்து ஆசான்கள் இன்னொன்றும் சேர்த்தனர். வர்மம் 108 என்று எண்ணி, எங்கே பட்டால் உயிர்க்கு இடர் என்று கற்பித்தவர்களே, பட்ட இடத்தைத் தடவிக் குணப்படுத்தும் மருத்துவமும் கற்பித்தனர். புண்படுத்தும் இடம் அறிந்தவன் புண் ஆற்றவும் அறிதல் வேண்டும் என்பது அவர்கள் வைத்த நெறி.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று நம் பிள்ளைகளுள் பலர் விடியலில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். 2018-இலும் 2022-இலும் நம் ஊரின் பெயரைத் தாங்கி வந்த திரைப்படங்களைக் கண்ட வெளியூரார், இவ்வூரார் எல்லாரும் ஆயுதம் ஏந்தியவர் என்று எண்ணுகின்றனர். திரையில் ஒருவன் நூறு பேரை வெட்டி வீழ்த்தலாம். நம் திடலிலோ இரண்டு மூச்சில் ஆறு வெண்கோடுகள் விழுந்தன. நம் பிள்ளைகள் நம்பத்தக்கது அக்கோடுகளையே.

கம்பையும் நிறுத்திவிடுங்கள் என்ற தாய்க்கு நாம் கூறியது இது. "அம்மா, கம்பை நிறுத்தினால் ஆவல் நின்றுவிடாது. கற்பிப்பார் இல்லாத இடத்தில், கட்டுப்பாடு இல்லாத கையில் அது கத்தியைத் தேடும். ஒரு நாள் திடலுக்கு வந்து, நாங்கள் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். பார்த்த பின்னும் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறோம்." அவர் வந்தார். சுண்ணக் கோடுகள் விழுந்ததையும் கண்டார். தம் மகனின் கருஞ்சட்டையைத் தாமே வாங்கித் தட்டித் தூசி போக்கினார். "நாளைக்கும் அனுப்புகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

இளைஞர்க்கு நாம் கூறியதும் அதுவே. இரும்புக் கத்தி நம் திடலில் இல்லை. உறையில் கத்தி செருகித் தெருவில் நடப்பவனுக்கு நம் வரிசையில் இடமும் இல்லை. மரக்கத்தி உண்டு, அதற்கும் முன் காலடி உண்டு. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. கையில் கம்புடன் நம் பிள்ளைகள் அவையேறும் வழி திறந்திருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளைகளை அனுப்புங்கள். நீங்களும் உடன் வந்து அமருங்கள். எவ்வளவு அடித்தான் என்று கேளாதீர்கள். எவ்வளவு தொலைவில் நிற்கக் கற்றான் என்று கேளுங்கள்.