சங்கக் கூட்டத்தில் தாய்மார்களும் அமரவேண்டும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுப்பதும், நிரையில் மரம் வெட்டுவதும், மங்குகளில் பால் எடுத்து ஸ்டோருக்குச் சுமப்பதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சங்கச் சந்தாவும் பொது. ஆனால் கூட்டம் கூடும்போது முன்வரிசையில் ஆடவரே அமர்ந்திருக்கின்றனர்.

இதனால் விளையும் நட்டத்தை வரலாறு காட்டும். 1920களின் இறுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களில் ஆணின் தினக்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. மரம் பேதம் பார்க்கவில்லை; சம்பளப் புத்தகம் பார்த்தது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடுதல் ஆகியவற்றோடு, தோட்டத்துப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்தவேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளுள் ஒன்று. வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்று புகார் வந்தால் முதலாளி அதைக் கவனித்தே தீரவேண்டும் என்னும் விதி வேலைச் சட்டத்தில் இடம்பெற்றது 2012இல்தான். இடையில் கழிந்தவை எழுபத்தோர் ஆண்டுகள்!

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபின், முதலாளிமார் சங்கத்துடன் பேசிக் கூட்டு ஒப்பந்தம் செய்யும் முறை வலுப்பெற்றது. அந்தப் பேச்சு மேசைக்கு ஒரு குறை எவ்வாறு சென்று சேர்கிறது? தோட்டக் கமிட்டியில் ஒருவர் எழுந்து சொல்லவேண்டும். கிளை அதனைத் தலைமையகத்திற்கு எழுதவேண்டும். ஆயாக் கொட்டகையின் கூரை ஒழுகுகிறது. காட்டில் மறைவிடம் இல்லை. கருவுற்ற பெண்ணுக்கு மேட்டு நிரை கொடுக்கப்படுகிறது. இவற்றை ஆடவர் வேண்டுமென்றே மறைப்பதில்லை. அவர்களுக்கு நினைவு வருவதில்லை, அவ்வளவே. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக 2023 ஜனவரி முதல் உயர்ந்துள்ளது; நம் தோட்டத்தில் அது முறையாகக் கிடைக்கிறதா என்பதைப் பெற்றவளன்றி வேறு யார் கேட்பது?

"வீட்டுக்காரர் போகிறார், போதாதா?" என்று சில தாய்மார்கள் சொல்கின்றனர். போதாது. நிர்வாகிகள் தேர்தல் இரகசிய வாக்கெடுப்பு. கணவரின் சீட்டு மனைவிக்கு ஆகாது. மண்டோர் கோபிப்பார் என்று அஞ்சுவோரும் உண்டு. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதை 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் தடைசெய்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதே என்பார் சிலர். கணக்கு எழுதுவதற்குச் செயலாளர் இருக்கிறார்; கமிட்டியில் மற்றவர்க்கு வேண்டியது வாய்.

ஆடவர்களுக்கும் ஒரு சொல். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் அடுப்படியில் நிற்பவர் எப்படி வருவார்? அடுத்த கூட்டத்தை ஓய்வு நாள் காலையில் வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அன்று ஆயாக் கொட்டகையைத் திறந்துவைக்கும்படி கிராணியாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்; குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆடவர்கள் பெயர் கொடுத்தால் நலம்.