பவளப்பாறை எழும் விதம்

(பனமலையில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலையும் ஏரியும் சூழ்ந்த பனமலையில் நின்று கடலடிப் பாறையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், இவ்வூரில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில் தேவியின் ஓவியம் சுண்ணச்சாந்தின்மேல் தீட்டப்பட்டதே அன்றோ? பவளப்பாறையும் சுண்ணாம்பேயாகும். அதைக் கட்டுவன சின்னஞ்சிறு உயிர்கள்.

அவற்றைப் பவளப்பூச்சி என்பது வழக்கம். உண்மையில் அவை பூச்சியல்ல, மெல்லுடல் கொண்ட கடற்பிராணிகள். கடல்நீரிலிருந்து சுண்ணச் சத்தைப் பிரித்து, தம் அடியில் கிண்ணம் போன்ற கூட்டை அமைக்கின்றன. பிராணி மடிந்தாலும் கூடு நிலைக்கும். அதன்மேல் அடுத்த தலைமுறை கட்டும். இடையிலுள்ள சிப்பி, மணல், உடைந்த கிளைகள் ஆகியவற்றைச் சுண்ணப்பாசிகள் இறுக்கிப் பிணைக்கின்றன. உருண்டைப் பவளம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஓர் ஆள் உயரம் எழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். கடப்பாரைக்கோ சில நிமிடம் போதும்.

பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பயிரைப் போலவே அது வெயிலைக் கொண்டு உணவு ஆக்கித் தன் வீட்டுக்காரனுக்கும் பங்கு தருகிறது. ஆகவே வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழங்குறைந்த நீரே பவளத்துக்கு ஏற்றது. ஆற்று வண்டல் கலங்கும் கடலில் அது தழைப்பதில்லை. நம் மரக்காணம் கரையில் இராமேசுவரத்தில் உள்ளது போன்ற பெரும் பவளத்திட்டு இல்லாமைக்கு இது முக்கியமான காரணம். (நகையில் பதிக்கும் செம்பவளம் வேறு இனம், அது பாறை கட்டுவதில்லை.)

பாறைகளின் முக்கிய வகை மூன்று. கரையை ஒட்டியே வளர்வது கரையோரப் பாறை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி இருப்பது இதுவே. கரைக்கும் பாறைக்கும் நடுவே அகன்ற நீர்ப்பரப்பு இருந்தால் அது தடுப்புப் பாறை. ஏரிக்கரை நீரைத் தாங்குவதுபோல அது அலையைத் தாங்கும். ஆஸ்திரேலியாவில் இத்தகையது 2,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. நடுவில் நிலமின்றி நீரை வளைத்து நிற்பது வட்டப்பாறை. இலட்சத்தீவுகள் இவ்வகையின்மேல் அமைந்தவை.

இம்மூன்றும் ஒரே கதையின் மூன்று பருவங்கள் என்று சார்லஸ் டார்வின் 1842-இல் எழுதினார். எரிமலைத் தீவைச் சுற்றிக் கரையோரப் பாறை எழுகிறது. தீவு மெல்ல அமிழ, பவளம் வெயிலை நாடி மேலே வளர்ந்து தடுப்புப் பாறையாகிறது. தீவு மறைந்தபின் வட்டம் மட்டும் எஞ்சுகிறது. பசிபிக் கடலின் எனிவெடாக் வட்டப்பாறையில் 1952-இல் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தென்பட்டது. நூறாண்டு கடந்து கிடைத்த சாட்சி அது! எல்லாப் பாறைகளும் இவ்வழியில் பிறந்தன என்று கொள்ளலாகாது. நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் எரிமலைகள் அல்ல.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை அங்கு 21 தீவுகள் எண்ணப்பட்டன. சுண்ணாம்புக் காளவாய்க்கும், ஆலைகளுக்கும், வீடு கட்டவும் பல்லாண்டுகள் பவளம் பெயர்த்தெடுக்கப்பட்டது. வேலி போயிற்று, அலை நேரே வந்து மணலை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. இப்பகுதி 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. வெட்டுவது இப்போது குற்றம்.

வெட்டு நின்றும் வெப்பம் விடவில்லை. கடல் மிகையாகச் சூடேறினால் பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது கடுமையாக நேர்ந்தது. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் மடியும். தூத்துக்குடிக்கு அருகே கரைந்துவந்த வான்தீவைக் காக்க, 2015 முதல் கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினர். அவற்றின் பின்னே மணல் மீண்டும் சேரலாயிற்று. மீன்களும் வந்து கூடின.